எண் 14 இன்னும் கையெழுத்திடவில்லை

ஜூன் 3

வீட்டு எண் 14 உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் எழுதிக்கொள்வது. இங்கு நலம். அங்கு தாங்களும் தங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தாங்கள் அறிந்ததுதான், இருந்தாலும் நினைவூட்டுகிறேன். நம் தெரு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒவ்வொரு தாளின் அடியிலும் முப்பத்திரண்டு வீட்டாரும் தத்தம் எண்ணுக்கு நேரே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முப்பத்திரண்டும் விழுந்த பிறகுதான் அது சங்கத்தின் முடிவு. அதுவரை தாளைக் கழற்றக் கூடாது. அறிவிப்பை எழுதியவரே 'பார்த்தேன்' என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. அறிவிப்புகளை எழுதுகிறவன் நான் என்பதால் நம் வீட்டுக்கு எப்போதும் தாங்களே கையெழுத்திட்டு வந்தீர்கள்.

'பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன்' என்று தாங்கள் கிளம்பி இன்றோடு நான்கு மாதம் ஆகிறது. பலகையில் பதினோரு தாள்கள் கழற்ற வழியில்லாமல் கிடக்கின்றன. எண் 14 மட்டும் எல்லாவற்றிலும் காலி. பிப்ரவரியில் அணைந்த தெருவிளக்கு மார்ச்சிலேயே எரிய ஆரம்பித்துவிட்டது. பலகையில் மட்டும் அது இன்னும் எரியவில்லை. எண் 31-இல் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், இன்னொரு பலகை அடித்துவிடலாம் என்கிறார். விதியை மதிக்காத மனிதர், வண்டி ஓட்ட என்ன கற்றுக்கொடுப்பாரோ தெரியவில்லை.

ஆகவே எண் 14 சார்பில் காவலாளி கையெழுத்திடலாம் என்று ஓர் அனுமதிக் கடிதம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். பார்வைக்காக, நேற்று ஒட்டிய அறிவிப்பின் நகல் ஒன்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு. போனிலேயே கேட்டிருப்பேன். நேற்றும் உன் தங்கைதான் எடுத்தாள். "அக்கா குளிக்கிறா அத்தான்" என்றாள். நாலு மாதமாகவா குளிப்பாய்?

பி.கு. 2. ஸ்டவ்வில் இடது பக்கம் எரியவில்லை. என்ன செய்வது?

•

ஜூன் 10

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. அனுமதி தருவதற்கில்லை.

காரணம் உங்கள் விதியிலேயே இருக்கிறது. எழுதியவர் 'பார்த்தேன்' என்று போடக் கூடாது, அப்படித்தானே? இருபது வருடமாக அந்தப் பலகையில் வந்ததையெல்லாம் எழுதியது யார்? சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதி உங்கள் கையில் கொடுத்தது நான். நீங்கள் டைப் அடித்துக் கீழே 'செயலாளர்' என்று போட்டீர்கள். அப்புறம் நானே செருப்பை மாட்டிக்கொண்டு போய், நான் எழுதியதையே நான் பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். அப்படியானால் என் கையெழுத்து ஒன்றுகூடச் செல்லாது. இருபது வருடத்துத் தாளும் இன்னும் பலகையில்தான் தொங்க வேண்டும். இதில் பதினொன்றுக்கு என்ன அவசரம்?

நகல் பார்த்தேன். 'பழுப்பு நிற நாய், எண்ணிக்கை ஒன்று, நிலை நன்று. கண்டெடுத்தவர் ரசீது பெற்றுக்கொண்டு எண் 9-இல் ஒப்படைக்கவும்.' காணாமல் போனது நாயா, பம்ப் உதிரிபாகமா? முப்பத்தைந்து வருடம் பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் கையில் நாய் மாட்டினால் அதன் கதி இதுதான். எண் 9 நர்ஸுக்கு அந்த நாயை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதற்கு இடது காது மடிந்திருக்கும். கூப்பிட்டால் வராது, பிஸ்கட் பாக்கெட்டைச் சலசலக்க வைத்தால் வரும். அதை எழுதுங்கள். சிவப்பு மையில் திருத்தி இணைத்திருக்கிறேன்.

ஸ்டவ்வுக்குச் செயலாளர் தேவையில்லை. பர்னரைக் கழற்றி ஊசியால் குத்திவிட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டவும். ஈரத்தோடு மாட்ட வேண்டாம்.

வீட்டு எண் 14
தற்போது வெளியூர்

•

ஜூன் 18

எண் 14-க்கு,

'அவர்களுக்கு' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

நாய் கிடைத்துவிட்டது. நீ திருத்தியதை அப்படியே டைப் அடித்து ஒட்டினேன். அன்று மாலை தெரு முழுக்கப் பிஸ்கட் பாக்கெட் சத்தம்தான். எண் 27 வீட்டுக் கார் ஷெட்டுக்குள் இருந்து தானாகவே வந்ததாம். நர்ஸ் என்னைப் பார்த்து, "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஸ்டவ் எரிகிறது. ஈரத்தோடுதான் முதலில் மாட்டினேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எண் 22, தையல்காரரின் அம்மா, போன வாரம் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார், சிரமப்படவில்லை என்றார்கள். அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில், 'எண் 22-இல் மூத்த உறுப்பினர் ஒருவர் குறைந்துள்ளார். உறுப்பினர்கள் குறித்துக்கொள்ளவும்' என்று எழுதி ஒட்டினேன். தையல்காரர் வந்து பலகை முன்னால் நின்று படித்தார். என்னிடம் கோபப்படவில்லை. "அக்கா இருந்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, 'பார்த்தேன்' என்று போட்டுவிட்டுப் போனார். தன் அம்மா குறைந்ததைப் பார்த்தேன் என்று அவரைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து அவர் வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். எதற்கு என்றும் ஓரளவுக்குத் தெரியும். இருபதாம் ஆண்டுக் கூட்டத்தில் கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்துவிட்டுத் திடீரென்று மைக்கையும் கையில் திணித்தால் யாருக்குத்தான் நாக்கு குழறாது? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்காக நாலு மாதமா?

செயலாளர்

•

ஜூன் 26

ஐயா,

தையல்காரருக்கு நானே தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். அந்த அம்மா எனக்கு நூல் கோத்துக் கொடுத்தது, எண்பது வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசிக் காதைப் பார்த்தது, அதெல்லாம் எழுதினேன். நீங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். நேரே போய், "எனக்கு எழுதத் தெரியலை, மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னால் அவர் உட்காரச் சொல்லுவார்.

'ஓரளவுக்குத் தெரியும்' என்கிறீர்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று தலைவர் மேடையில் என்ன சொன்னார்? "நம்ம செயலாளர் நோட்டீஸைப் படிச்சா, தண்ணி வராத நாள்லகூட மனசு குளிர்ந்துடும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் மைக்கை வாங்கினீர்கள். காவலாளிக்கு நன்றி சொன்னீர்கள், பிளம்பருக்கு, எலக்ட்ரீஷியனுக்கு, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு எல்லாம் சொன்னீர்கள். அப்புறம், "எழுத்து, ஏதோ எனக்கு இயல்பா வரும்" என்றீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எனக்கு மேடை வேண்டாம், கேடயம் வேண்டாம். 'என் மனைவி எழுதுவாள்' என்று மூன்று வார்த்தை. நாற்காலிக்காரருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தக் கேடயத்தைத் துடைத்து டிவி மேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போது என் செய்தி. தங்கை நூலகராக இருக்கும் பள்ளியில், அலுவலகத்துக்கு ஒருவர் தேவைப்படுகிறது. பெற்றோருக்குப் போகும் கடிதம், சுற்றறிக்கை எல்லாம் எழுத வேண்டும். ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொன்னார்கள், எழுதினேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார். மேசை கொடுத்து, மேசை மேல் என் பெயரும் வைப்பார்களாம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். முதலில் ஒரு வருடம். ஜூலை பதினைந்துக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சேர்ந்தால் அங்கே வந்துபோவது கஷ்டம். பழகிவிட்டால் நான் திரும்பாமலே போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சேரட்டுமா, வேண்டாமா? அனுமதி கேட்கவில்லை. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். செயலாளர் பதில் வேண்டாம். போனும் வேண்டாம், போனில் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். நீங்களே, உங்கள் வார்த்தையில், எழுதுங்கள்.

நான்

•

ஜூலை 2

குடியிருப்போர் நலச் சங்கம்
அறிவிப்பு

மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்பட இருப்பதால், வரும் வியாழக்கிழமை, 9ஆம் தேதி, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது. தேவையானதை முன்பே பிடித்து வைத்துக்கொள்ளவும். மாற்று ஏற்பாடு எதுவும் சங்கத்தால் செய்ய இயலாது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

செயலாளர்

•

ஜூலை 6

செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் பதில் கிடைத்தது.

தவறுதலாக வைத்திருப்பீர்கள் என்று தங்கை சொன்னாள். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன். கிழித்தும் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட ஊர் மாற்றி அனுப்பாதவர் நீங்கள். அதைப் பெருமையாக நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! உறை மாறாது. எனக்கு இதுதான் பதில் என்று புரிகிறது.

'தேவையானதை முன்பே பிடித்து வைத்துக்கொள்ளவும்.' நல்ல யோசனை. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்.' எத்தனை பேர் சேர்ந்து வருந்துகிறீர்கள்?

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு நான்கு மாதம் ஆனது. ஒன்பது நாள் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன், இந்த வயதில்.

சம்மதக் கடிதம் எழுதித் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். நாளை பள்ளியில் கொடுத்துவிடுவாள்.

வீட்டு எண் 14 காலியாகவே இருக்கட்டும்.

•

ஜூலை 9, வியாழன், சாயங்காலம்

உனக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அது என் பதில் இல்லை. என் பதில் வேறு. அது எங்கே இருக்கிறது என்று இன்று காலை ஒன்பதேகாலுக்குத்தான் எனக்கே தெரிந்தது.

நடந்தது இது. உன் கடிதம் வந்ததும் மூன்று நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். வீட்டில் வேறு தாள் இல்லை, சங்கத்தின் லெட்டர் பேடிலேயே எழுதினேன். பக்கத்திலேயே தண்ணீர் அறிவிப்பும் இருந்தது, அதே பேடில். மடித்துக்கொண்டிருக்கும்போது காவலாளி, "நோட்டீஸ் ரெடியா சார்?" என்று உள்ளே வந்துவிட்டார். நான் எழுதியதை அவர் பார்த்துவிடுவாரோ என்று வெட்கத்தில் அதை அவசரமாகக் கீழே தள்ளி, மேலே இருந்ததை எடுத்து உறையில் போட்டேன். இன்னொன்றை அவர் கையில் கொடுத்தேன். பெட்டி மாற்றி அனுப்பாதவன் கடைசியில் இதை மாற்றினேன்.

காவலாளி அதைப் பலகையில் ஒட்டிவிட்டார். வழக்கப்படி அடியில் முப்பத்திரண்டு எண் போட்ட சீட்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார். "படிச்சுப் பார்க்கலியா?" என்று கேட்டேன். "படிச்சேன் சார். கொஞ்சம் வேற மாதிரிதான் இருந்துச்சு. நீங்க குடுத்ததை நான் என்னிக்குச் சார் கேள்வி கேட்டிருக்கேன்?" என்றார்.

ஒட்டிய அன்றே எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஒரு வாரம் வெளியே போகவில்லை. நர்ஸ் தினமும் வந்து மாத்திரை கொடுத்தார். தையல்காரர் கஞ்சி கொண்டுவந்தார். யாரோ வாசலில் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. வியாதி முற்றிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று பயந்துபோய் பீரோவில் வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்தேன்.

இன்று காலை எட்டு மணிக்குத் தொட்டி கழுவ ஆள் வந்து தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். தெருவில் ஒருவருக்கும் தெரியாது! ஒன்பதேகாலுக்கு எண் 31 கதவைத் தட்டினார். இடுப்பில் துண்டு, தலை முழுக்கச் சோப்பு நுரை, ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை.

"தண்ணி நிறுத்தறீங்களே, ஒரு நோட்டீஸ் போட வேண்டாமா சார்?" என்று கத்தினார்.

"போட்டேனே! போன வாரமே போட்டேனே!"

"நீங்க போட்டது காதல் கடிதம் சார்!"

அப்படியே பலகைக்கு ஓடினேன். அவரும் நுரையோடு பின்னாலேயே வந்தார். கண்ணாடிக்குள் நான் உனக்கு எழுதிய கடிதம். அடியில் முப்பத்தொரு கையெழுத்து. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. கழற்றப் போனேன். எண் 31 என் கையைப் பிடித்துக்கொண்டார். "விதிப்படி கழற்றக் கூடாது சார். இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி" என்றார். நுரை என் சட்டையெல்லாம் ஆகிவிட்டது. அவர் சொல்வது சரிதான், விதியை எழுதியவன் நானாயிற்றே.

வீட்டுக்குத் திரும்பினால் தபாலில் உன் ஆறாம் தேதிக் கடிதம். போன் போட்டேன். உன் தங்கை எடுத்தாள். "குளிக்கிறா" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்னா நம்ப மாட்டா அத்தான். அந்தக் காகிதத்தையே அனுப்பிடுங்க" என்றாள்.

அதனால், கையெழுத்து வாங்குவதற்காக என்று சொல்லி, காவலாளியைச் சாட்சி வைத்துத்தான் பலகையைத் திறந்தேன். சீட்டோடு அனுப்புகிறேன். கூரியரில் போடுகிறேன், தபாலை நம்பவில்லை. நீ ஏற்கெனவே சம்மதம் கொடுத்திருந்தாலும் இதைப் படி. படித்துவிட்டு எதுவாக இருந்தாலும் செய். ஆனால் தண்ணீர் வராது என்று நான் உனக்கு எழுதியதாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதே.

நான்

•

ஜூலை 2

இங்கே பாரேன்,

உன்னை நான் வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்? இதையே எழுதுகிறேன்.

நாக்கு குழறவில்லை. அது பொய். தலைவர் பேசி முடித்ததும் நீ மூன்றாவது வரிசையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாய். நான் மேடையில் இருந்து பார்த்தேன். நீ எதற்குத் தயாராகிறாய் என்று எனக்குத் தெரியும். கைதட்டல் வந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. ஸ்டோரில் எல்லாம் சரியாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், குறைந்தால்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் எனக்கே இருக்கட்டும் என்று தோன்றியது. தெரிந்தேதான் சொன்னேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன். ஐந்து மாதமாக அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுதிய காகிதங்கள் மேசையின் கீழ் டிராயரில் கிடந்தன. போன மாதம் தேதிப்படி அடுக்கினேன். நானூற்றுப் பதினெட்டு. எல்லாவற்றையும் படித்தேன். தண்ணீர் வராத நாளுக்கு, 'மாடியில் தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வாளி அதிகமாகப் பிடித்து வையுங்கள்' என்று ஒரு வரிக்கு ஆறு தடவை அடித்து எழுதியிருக்கிறாய். நான் அதைப் பத்து நிமிடத்தில் டைப் அடித்துவிட்டு, 'முடிந்தது' என்று எழுந்துபோனேன். ஒரு நாள்கூட, 'நல்லா இருக்கு' என்று நான் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்கிறேனா? இருந்தால் சொல்லு.

உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் சேர். நான் இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வருகிறேன். உன் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஸ்டவ் பற்றவைக்கத் தெரியும் இப்போது. நீ இங்கே வந்தால் எனக்கு நல்லது, அது எனக்குத் தெரியும். உனக்கு நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் 'வா' என்று எழுதாமல் இருக்கிறேன். ஆனால் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். 'வா' என்பதுதான் இருக்கிறது.

இன்னொன்று. செயலாளர் பதவியில் இருந்து நான் விலகுகிறேன். அது உன் வேலை, இருபது வருடமாகவே உன் வேலை. வந்தாலும் வராவிட்டாலும் இதைத் தெருவுக்குச் சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீ எழுதிக் கொடுத்தால் டைப் அடித்துவிடுவேன். பார், இதற்கும் நீதான்.

நான்

1. பார்த்தேன்.
2. பார்த்தேன்.
5. பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன்.
9. பார்த்தேன். எழுதினது அக்காதான்னு எங்க எல்லாருக்கும் முதல்லேயே தெரியும் சார். நீங்க எப்போ சொல்வீங்கன்னுதான் காத்திருந்தோம். காய்ச்சலுக்கு மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடுங்க. நாயும் பார்த்தது.
11. பார்த்தேன். சம்மதம்.
14.
17. பார்த்தோம். என் வீட்டுக்காரரையும் கூட்டிவந்து படிக்க வைத்தேன்.
22. பார்த்தேன். எங்கம்மாவைப் பத்தி அக்கா எழுதின லெட்டரைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். அவங்களே செயலாளரா இருக்கட்டும். சார் எங்க வீட்டு வழியாவே கடைக்குப் போகலாம்.
27. பார்த்தேன். சம்மதம்.
31. பார்த்தேன். இதைக் கழற்றினால் நான் விடமாட்டேன்.
32. பார்த்தேன்.
மற்ற எண்கள் அனைத்தும்: பார்த்தேன்.

•

ஜூலை 13

என்னங்க,

கூரியர்காரர் சனிக்கிழமை மதியம் வந்தார். வாசலிலேயே நின்று படித்தேன். கையெழுத்து வாங்க வந்தவர், "அம்மா, ஏதாச்சும் கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் நோட்டிலும் 'பார்த்தேன்' என்று எழுதிவிட்டேன். பழக்கம்.

உள்ளே போய்த் தங்கையிடம், "ஐயோ, சம்மதம் கொடுத்துட்டோமே, இனி என்ன பண்றது?" என்றேன். அவள் கைப்பையைத் திறந்து என் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. "ஏன்டி குடுக்கல?" என்றேன். "நீ கோபத்துல எழுதினா எழுத்து ரொம்ப அழகா இருக்கும்க்கா. அவ்வளவு அழகா இருந்துச்சு, அதான் குடுக்கல" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஐந்து மாதத்துக்கும் சேர்த்து அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன், இப்போது தலை லேசாக இருக்கிறது. உங்கள் போனையெல்லாம் எடுத்து நான் குளிக்கிறேன் என்று அவளைப் பொய் சொல்ல வைத்ததற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். பாவம், ஒவ்வொரு தடவையும் நான்தான் பக்கத்தில் நின்று சைகை காட்டுவேன்.

இன்று காலை பள்ளிக்குப் போய் நேரிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியைக்கு வருத்தம்தான். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம், செயலாளர் வேலை, முப்பத்தொரு வீட்டார் சேர்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, நல்லவேளை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சொல்லியிருக்கிறீர்கள், ஒரே ஒரு தடவை. பதினொரு வருடம் முன்னால், மழையில் சுவர் இடிந்தபோது எழுதிய அறிவிப்புக்கு. 'நல்லா இருக்கு' என்று சொல்லவில்லை, "கமா சரியா இருக்கு" என்றீர்கள். அதை வைத்துக்கொண்டு பதினொரு வருடம் ஓட்டியிருக்கிறேன். இனி இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஆனாலும் அவ்வப்போது வாயைத் திறந்து சொல்லுங்கள், தெருவெல்லாம் ஒட்டத் தேவையில்லை.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்த பிறகு ஒரு நாள் உட்கார வைத்து நன்றாகத் திட்டுவேன், தயாராக இருங்கள். அப்புறம் பலகையில் தேங்கிக் கிடக்கும் எல்லாத் தாளுக்கும் கையெழுத்துப் போட்டுக் கழற்றிவிடலாம், தெருவிளக்கு எரியட்டும். அவை நீங்களே எழுதியவை, நான் பார்த்தேன் என்று போட்டால் செல்லும். நாய்த் தாளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி அறிவிப்புகளின் கீழ் என் பெயர்தான் வர வேண்டும். டைப்பிங் உங்களுடையது. நம் வீட்டுக்கு 'பார்த்தேன்' என்று இனி நீங்கள்தான் போட வேண்டும். உங்கள் விதிதானே? படித்துவிட்டுப் போடுங்கள்.

வரும் ஞாயிறு காலை பதினோரு மணி பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், பெட்டி கனமாக இருக்கிறது. எண் 31-ஐ வண்டியோடு கூட்டிவர வேண்டாம். அவர் வந்தால் தெருவே வரும்.

செயலாளரின் முதல் உத்தரவு: திருப்பி அனுப்பியிருக்கும் தாளை மறுபடி பலகையில் ஒட்டக் கூடாது. கையெழுத்து முழுசாகிவிட்டது, விதிப்படி கழற்றலாம். பீரோவில் என் துணிகளுக்கு அடியில் வைக்கவும்.

உங்கள்
நான்

பி.கு. சீட்டில் காலியாக இருந்த இடத்தைப் பூர்த்தி செய்திருக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளவும்.

14. பார்த்தேன்.